பேட்டரி இல்லாத இடங்காட்டி: பாம்பன் பட்டறைக் குறிப்புகள்

மலையேறுபவர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகும் ஆபத்துக்கால இடங்காட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே பாதி இடத்தை லித்தியம் பேட்டரியே அடைத்துக்கொண்டிருக்கும். மீதியில் ஒரு ஜிபிஎஸ் சில்லு, ஒரு சின்ன அனுப்பி, மடித்து வைத்த எஃகுப்பட்டை ஆன்டெனா, அவ்வளவுதான். மதுரையிலிருந்து ஒருவர் அப்படி ஒரு கருவியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் வாங்கியது. ஒருமுறைகூட அழுத்தப்படாதது. முதுகில் அச்சிட்டிருந்த பேட்டரிக் காலாவதித் தேதி மட்டும் தாண்டியிருந்தது. "செல்லை மட்டும் மாற்றிக் கொடுங்கள் அண்ணே, மற்றதெல்லாம் புதிதாகவே இருக்கிறது" என்றார்.

மாற்றித் தரவில்லை. அந்த வகைக் கருவியை நீர் புகாமல் மூடுவதும் சோதிப்பதும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் நடக்க வேண்டிய வேலை. அதோடு, அது பேசுகிற 406 மெகாஹெர்ட்ஸ் விளையாட்டு மைதானம் அல்ல. 1979-இல் கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் என்ற தேடல்-மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இந்தியப் பகுதியில் வரும் சைகை பெங்களூருவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். பட்டறை மேசையில் கை தவறி ஒருமுறை அனுப்பிவிட்டாலும், எங்கோ ஓர் அதிகாரி தொலைபேசியை எடுத்துவிடுவார். சோதனைக்காகக்கூட அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று, இந்தப் பதிவைப் படித்துக் கையில் சாலிடர் துப்பாக்கியை எடுப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தக் காலாவதித் தேதி மனதில் தங்கிவிட்டது. இப்படிப்பட்ட கருவி வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தேவைப்படும். அதுவும் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்துத் தேவைப்படலாம். ஐந்து, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவதற்குக் கருவியின் விலையில் கணிசமான பங்கு ஆகிவிடும். மலையேற்றத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் அதைச் செலவழிப்பார். எங்கள் ஊரில் ஒற்றை ஆளாகத் தெர்மாகோல் தெப்பத்தில் போகிறவர் செலவழிப்பாரா?

பாம்பன், மண்டபம், இராமேசுவரம் கரையில் காலையில் நின்றால் அந்தத் தெப்பங்களைப் பார்க்கலாம். தெர்மாகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே சாக்கைச் சுற்றி, துடுப்பாகக் கையளவு பலகை. விசைப்படகுக்குக் கருவிகள் உண்டு. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கை அனுப்பி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 2024-இல் அதன் இரண்டாம் தலைமுறை வந்தது, "உங்கள் செய்தி கிடைத்தது" என்று படகுக்குப் பதிலும் அனுப்புகிறது. நல்ல கருவி. வைக்கப் படகு இருப்பவர்களுக்கு அதுதான் சரி. தெப்பத்தில் போகிறவருக்கும், குருசடை, பூமரிச்சான், முயல் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கும் அப்படி வைக்க இடமில்லை. அவர்கள் உடலோடு இருப்பதுதான் அவர்களோடு இருக்கும்.

ஆகவே வரையறை இப்படி அமைந்தது: உடலில் மாட்டக்கூடியது, உள்ளே பேட்டரியே இல்லாதது, தேவைப்படும் நேரத்தில் ஆளின் கையோ கடலோ மின்சாரம் கொடுப்பது, கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வேலை செய்தால் போதும். செயற்கைக்கோள் வேண்டாம்.

செயற்கைக்கோள் வேண்டாம் என்றதற்குச் சட்டம் மட்டும் காரணம் அல்ல, ஜூல் கணக்கும் காரணம். 406 மெகாஹெர்ட்ஸ் கருவி ஏறக்குறைய 50 வினாடிக்கு ஒருமுறை, அரை வினாடி நேரம், 5 வாட்டில் கத்துகிறது. ஆன்டெனாவிலிருந்து வெளியேறுவது மட்டும் 2.5 ஜூல். அனுப்பியின் வீணடிப்பையும் சேர்த்தால் ஒவ்வொரு கத்தலுக்கும் ஆறு ஜூலாவது பிடிக்கும். என் கையமுக்கு டைனமோ ஓர் அமுக்கலுக்கு 0.4 ஜூல் கொடுக்கிறது. 50 வினாடிக்கு ஒருமுறை பதினைந்து அமுக்கல் என்று நாள் முழுக்க யார் அமுக்குவது?

அதற்குப் பதில் லோரா: சின்னச் செய்திகளைக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் அனுப்பும் வானொலி முறை. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் குறைந்த சக்தி அனுப்பிகளுக்கு இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. உச்சவரம்பு ஒரு வாட். நான் பயன்படுத்துவது அதில் பத்தில் ஒரு பங்கு, வானொலிக்காரர்களின் அளவில் சொன்னால் 20 டிபிஎம். மெதுவாகப் பேசி வெகுதூரம் கேட்கவைப்பதுதான் லோராவின் வித்தை. இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் சைகையையும் கரையில் இருக்கும் வாங்கி (ரிசீவர்) தோண்டி எடுத்துவிடும்.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய கணக்குக்கு வருகிறேன். ஆபத்துக் கருவி என்றதும் எல்லோரும் வானொலி அனுப்பிதான் மின்சாரத்தைத் தின்னும் என்று நினைப்பார்கள். லோரா சில்லு 20 டிபிஎம்மில் அனுப்பும்போது 120 மில்லிஆம்பியர் இழுக்கிறது, 3.3 வோல்ட்டில் அது சுமார் 0.4 வாட். அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், சரிபார்ப்பு எல்லாம் சேர்த்துச் செய்தியை 12 பைட்டுக்குள் அடைத்துவிட்டேன். விரிவுக் காரணி (எவ்வளவு மெதுவாகப் பேசுகிறோம் என்ற அளவு) 10-இல், 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அந்த 12 பைட் காற்றில் இருக்கும் நேரம் 0.29 வினாடி. ஆக ஒரு செய்திக்கு 0.11 ஜூல். ஓர் அமுக்கலில் கால் பங்குதான்!

ஜிபிஎஸ் சில்லு இழுப்பது 45 மில்லிஆம்பியர்தான், சுமார் 0.15 வாட். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அது எத்தனை வினாடி விழித்திருக்க வேண்டும் என்பதில்தான் வில்லங்கம். திறந்த வானத்தில், அசையாமல் வைத்தால், முதல் இருப்பிடத்துக்கு அரை நிமிடம். கடலில் மிதக்கும்போது ஒரு நிமிடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஒரு நிமிடத்துக்கு 9 ஜூல். ஒரு செய்தியின் விலையைப்போல எண்பது மடங்கு. தபால் தலைக்கு ஒரு ரூபாய், முகவரி விசாரிக்க ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் என்றால் என்ன செய்வோமோ, அதைத்தான் இங்கும் செய்ய வேண்டும்: முகவரி தெரியும்வரை கடிதத்தை நிறுத்தி வைக்கக் கூடாது.

கடலில் ஏன் கூடுதல் நேரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் ஒலிபரப்புகிறது. 1,500 பிட் கொண்ட ஒரு சட்டகம் முடிய 30 வினாடி. அதில் முதல் 18 வினாடியில்தான் அந்தச் செயற்கைக்கோளின் துல்லியமான பாதைக் கணக்கு வருகிறது. அந்த நேரத்தில் ஓர் அலை வந்து ஆன்டெனாவை மூடினால், விட்டுப்போன துண்டு அடுத்த சட்டகத்தில் மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். தென்கடலில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது நடக்காத நிமிடமே இல்லை. வாளித் தண்ணீரில் கருவியை மிதக்கவிட்டுச் சோதித்தால் இந்தச் சிக்கல் தலைகாட்டாது. வீட்டுச் சோதனையை நம்பி யாரும் காலத்தைக் கணக்கிட வேண்டாம்.

ஆகவே கருவி விழித்ததும் முதலில் இருப்பிடம் தேடாது. "இன்னார் ஆபத்தில் இருக்கிறார்" என்ற அடையாள எண்ணை மட்டும் நான்கு முறை அனுப்பும். அதைக் கேட்டதுமே கரையில் இருப்பவர், அந்த ஆள் காலையில் எந்தப் பக்கம் போனார் என்று விசாரிக்கத் தொடங்கிவிடலாம். எங்கள் கரையில் அது யாருக்காவது தெரிந்தே இருக்கும். அதன் பிறகுதான் ஜிபிஎஸ். ஒருமுறை இருப்பிடம் கிடைத்துவிட்டால் பாதைக் கணக்கு ஏறத்தாழ நான்கு மணிநேரம் செல்லுபடியாகும். சில்லின் நினைவகத்தை இருபது மைக்ரோஆம்பியர் அளவுக்கு உயிரோடு வைத்திருந்தால் போதும், அடுத்த இருப்பிடம் ஓரிரு வினாடியில் வந்துவிடும். முதல் இருப்பிடத்துக்கு இருபது, இருபத்தைந்து அமுக்கல், அடுத்ததற்கு ஒன்று. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஆளை இழுத்துக்கொண்டு போகும் கடலில் அந்த அடுத்த இருப்பிடங்கள்தான் தேடுபவர்களுக்கு உயிர்.

டைனமோவுக்கு அடிப்படை, கடைத்தெருவில் கிடைக்கும் கையமுக்கு டார்ச். கைப்பிடியை அமுக்கினால் பற்சட்டம் பல்சக்கரங்களைத் தள்ளும், கடைசியில் காந்த வளையம் பதித்த சின்னச் சக்கரம் கர்ரென்று சுழலும், பக்கத்தில் இருக்கும் சுருளில் மின்சாரம் பிறக்கும். சுற்றும் கைப்பிடி கொண்ட வானொலிப் பெட்டி டைனமோக்கள் இதைவிடத் திறமையானவை, சந்தேகமில்லை. ஆனால் சுற்றுவதற்கு இரண்டு கை வேண்டும். கவிழ்ந்த தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பவரிடம் உபரியாக இருப்பது ஒரு கைதான். பட்டறையில் இருவகையையும் மேசையில் வைத்தபோது ஒரு தெப்பக்காரர் பேசாமல் சுற்றும் வகையை ஒதுக்கிவைத்துவிட்டு அமுக்கும் வகையை எடுத்துக்கொண்டார். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

டார்ச்சை அப்படியே பயன்படுத்த முடியாது. உப்பு நீர் புகுந்தால் சுருள் முதலில் பச்சை பூக்கும், பிறகு அறும். அசையும் கைப்பிடியின் அச்சுக்கு ரப்பர் வளையம் போட்டு மூடலாம்தான். மணல் துகள் ஒன்று அந்த வளையத்துக்குள் சிக்கினால் அது அரம்போல வேலை செய்யத் தொடங்கிவிடும். தனுஷ்கோடி மணல் மாவுபோல இருக்கும், போகாத இடமே இல்லை. அதனால் அச்சை உள்ளே கொண்டுபோகும் எண்ணத்தையே கைவிட்டேன். பல்சக்கரங்கள், காந்தச் சக்கரம், வில் எல்லாம் வெளியே, நனையும் பக்கத்தில். சுருள், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி, சில்லுகள் எல்லாம் உள்ளே, எபாக்சிப் பிசினில் புதைத்த உலர் பக்கத்தில். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் பாலிகார்பனேட் சுவர். காந்தப்புலம் சுவரைத் தாண்டிப் போகும், தண்ணீர் போகாது. சுவரில் துளை என்று எதுவுமே இல்லை.

இதற்கு விலை உண்டு. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடைவெளி கூடினால் மின்சாரம் சடாரென்று குறையும். டார்ச்சில் வந்த கறுப்புக் காந்த வளையத்தைக் கழற்றிவிட்டு, நியோடிமியம் வட்டுகளை வட முனை, தென் முனை மாறிமாறி வரும்படி ஒரு மெல்லிய இரும்புத் தகட்டில் ஒட்டினேன். தகடு பின்பக்கம் வீணாகும் புலத்தை முன்னுக்குத் திருப்பிவிடுகிறது. நியோடிமியத்தின் பளபளப்பு நிக்கல் பூச்சினால் வருவது. அதில் ஒரு கீறல் விழுந்தால் கடல் நீர் சில வாரங்களில் காந்தத்தைப் பொடியாக்கிவிடும். ஆகவே தகட்டோடு சேர்த்து முழுதும் எபாக்சியில் முக்கி எடுக்க வேண்டும். பல்சக்கரம் நைலான். அச்சு ஊசிகளும் வில்லும் 316 தரத் துருவேறா எஃகு. 304 என்று எழுதியிருப்பதை வாங்கினால் ஓரிரு மாதத்தில் பழுப்புப் புள்ளி தெரியும். நனையும் அறையின் அடியில் மணல் கழுவிப்போக மூன்று பெரிய துளைகள். கடலில் முக்கி இரண்டு குலுக்கு குலுக்கினால் சுத்தம்.

எபாக்சி பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அவசரத்துக்கு நல்லது, தண்ணீருக்கு அல்ல. மெதுவாக இறுகுவதையே வாங்குங்கள். ஒரே மூச்சில் முழுக் குழியையும் ஊற்றினால் இறுகும்போது கிளம்பும் சூடு மின்தேக்கியைப் பதம் பார்த்துவிடும். மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். ஜிபிஎஸ் சில்லின் பீங்கான் ஆன்டெனா மீது மட்டும் ஊற்றவே கூடாது. அதன் ஒத்ததிர்வு நகர்ந்து, காது மந்தமாகிவிடும். அதற்கு மேல் ஒரு சின்ன மூடி கவிழ்த்துக் காற்று இடைவெளி விட்டிருக்கிறேன்.

மின்தேக்கித் தேர்வில் கடைக்காரர் நீட்டும் முதல் பொருளை வாங்கிவிடக் கூடாது. நாணயம்போல இருக்கும் 5.5 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் கையடக்கமாக இருக்கும், ஆனால் அதன் உள்மின்தடை பல பத்து ஓம். 120 மில்லிஆம்பியர் கேட்ட உடனே உள்ளேயே மூன்று வோல்ட் விழுந்து கருவி மயங்கிவிடும். கடிகார நினைவகத்துக்கு அது, இதற்கு அல்ல. உருளை வடிவில் வரும் 2.7 வோல்ட், 3.3 ஃபாரட் இரண்டைத் தொடராக இணைத்தேன். மொத்தம் 1.65 ஃபாரட். பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று கேட்பார்கள். 10 ஃபாரட் ஜோடி போட்டால், கருவி விழிக்கும் 2 வோல்ட்டை எட்டுவதற்கே 10 ஜூல் ஊற்ற வேண்டும்; பயந்து போன மனிதர் இருபத்தைந்து முறை அமுக்கிய பிறகும் விளக்கு எரியாது. 1.65 ஃபாரட்டுக்கு 3.3 ஜூல் போதும். தொடக்கத்தில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது டயோடுகள் பங்கு கேட்பதால் நடைமுறையில் பன்னிரண்டு அமுக்கல் ஆகிறது. டைனமோவின் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடுப் பாலத்தில், குறைந்த வோல்ட்டையே தின்னும் ஷாட்கி டயோடுகளைப் போடுவது அதனால்தான். சாதாரண டயோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட்டைத் தின்றுவிட்டால் முதல் அமுக்கல்கள் எல்லாம் வெப்பமாகவே போய்விடும்.

0.4 ஜூல் என்ற எண் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: மின்தேக்கியில் 3 வோல்ட் இருக்கும்போது பத்து அமுக்கு அமுக்கினால் 3.7 வோல்ட் காட்டுகிறது. இரண்டு மின்னழுத்தங்களின் வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை மின்தேக்குதிறனால் பெருக்கிப் பாதியாக்கி, பத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். கருவி செய்கிறவர்கள் எல்லோரும் தங்கள் டைனமோவை இப்படி அளந்து பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை நான் மதிப்பதே இல்லை.

இருப்பிடம் தேடத் தொடங்குவதற்கு 4.5 வோல்ட் வரை காத்திருக்கும்படி நிரல் எழுதியிருக்கிறேன். அங்கிருந்து 2.4 வோல்ட் வரை இறங்கினால் ஏறக்குறைய 12 ஜூல் கிடைக்கும், அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆள் அமுக்கிக்கொண்டே இருந்தால் இன்னும் நீளும். 2.4-ஐத் தொட்டதும் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, அதுவரை சேர்த்த பாதைக் கணக்கை நினைவகத்தில் காப்பாற்றும். ஒவ்வொரு செய்தி போனதும் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னும். அந்த மின்னல் இல்லாவிட்டால் யாரும் தொடர்ந்து அமுக்க மாட்டார்கள். தான் செய்வது வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் கை ஓயாது.

செய்தியை நான்கு முறை அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு அலைகளுக்கு நடுப்பள்ளத்தில் இருக்கும்போது அனுப்பினால் முன்னால் நிற்பது நீர்ச்சுவர். 866 மெகாஹெர்ட்ஸ் அலையை உப்பு நீர் சில சென்டிமீட்டரிலேயே விழுங்கிவிடும். விரிவுக் காரணியை 12-ஆக உயர்த்தி ஒரே செய்தியை நிதானமாக அனுப்பினால் 0.46 ஜூல் ஆகும். அதே செலவில் காரணி 10-இல் நான்கு செய்திகள் போகும். உணர்திறனில் ஐந்து டெசிபல் (சைகை வலிமையை ஒப்பிடும் அளவு) போலக் குறைகிறது, ஆனால் ஒன்றாவது அலை உச்சியில் இருக்கும்போது போகும் வாய்ப்பு கூடுகிறது. செய்திகளுக்கு இடையிலான இடைவெளியைச் சமமாக வைக்கக் கூடாது. அலையின் தாளத்தோடு அது பொருந்திவிட்டால் நான்கும் பள்ளத்திலேயே போகும். ஒழுங்கற்ற இடைவெளிதான் இங்கே ஒழுங்கு.

தூரத்தைப் பற்றி இணையத்தில் உலவும் லோரா வீரக்கதைகளை நம்பி யாரையும் கடலுக்கு அனுப்பிவிடாதீர்கள். மலை உச்சியில் இருந்து மலை உச்சிக்கு நூறு கிலோமீட்டர் போகும், சரி. இங்கே அனுப்பியின் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண். கரையில் வாங்கி பதினைந்து மீட்டர் உயரத்தில் இருந்தால், பூமியின் வளைவு அனுமதிக்கும் தொடுவான தூரம் சுமார் 18 கிலோமீட்டர். ஆனால் நேராக வரும் அலையும் கடலில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் அதற்கு முன்பே சைகை நீர்த்துப்போகிறது. கணக்குப் போட்டால், பத்து கிலோமீட்டரில் இழப்பு 147 டெசிபல். என் அனுப்பியும் வாங்கியும் சேர்ந்து தாங்குவது 152. ஐந்து டெசிபல் மிச்சத்தை வைத்து ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது. ஐந்து கிலோமீட்டரில் மிச்சம் 17 டெசிபல். நம்பிச் சொல்லக்கூடிய தூரம் அதுதான். ஐஸ் கம்பெனி மொட்டை மாடியில் வாங்கியை வைத்து, வள்ளத்தில் போய் மிதக்கவிட்டுப் பார்த்ததும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

உயரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் லாபம், கரையிலும் சரி, கடலிலும் சரி. தெப்பத்தின் மேல் உட்கார முடிந்தவர் கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலே பத்து டெசிபலுக்கு மேல் கிடைத்துவிடும். மின்சாரத்தில் இதே லாபத்தைப் பெற வேண்டுமானால் பத்து மடங்கு சக்தி வேண்டும். கருவியின் முதுகில் தூக்கிப் பிடித்த கையின் படம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறேன். எழுத்து எதுவும் இல்லை.

கை ஓய்ந்துவிட்டால்? மயக்கமடைந்துவிட்டால்? கையமுக்கு யோசனையில் இருக்கும் பெரிய ஓட்டை அதுதான். அதை அடைக்கக் கடலிடமே போனேன். உயிர்காப்பு அங்கி விளக்குகளில் நீர்பட்டதும் விழிக்கும் மெக்னீசியக் கலம் நெடுங்காலமாக இருக்கிறது. கீசருக்குள் மாட்டும் மெக்னீசியத் தண்டு கடையில் கிடைக்கும். அதில் விரல்நீளத் துண்டு ஒன்றும், எதிர்முனையாகத் துருவேறா எஃகு வலையும். இடையில் கடல்நீர் புகுந்ததும் சுமார் ஒரு வோல்ட்டில் சில மில்லிஆம்பியர் வருகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று தன் பங்கை எடுத்துக்கொண்டது போக இரண்டு மில்லிவாட் மிஞ்சுகிறது. அற்பம்தான். ஆனால் நான்கு செய்திகளுக்கு வேண்டிய 0.46 ஜூல் நான்கு நிமிடத்துக்குள் சேர்ந்துவிடுகிறது, யாரும் எதையும் தொடாமலே. இருப்பிடம் எடுக்க ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும், போகட்டும். மெக்னீசியத்தை வெட்டும்போது ரம்பத்தால் மெதுவாக அறுங்கள், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அதன் பொடி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

இந்தக் கலத்தின் எதிரி கடல் அல்ல, கடற்காற்று. வாடைக் காலத்தில் திண்ணையில் தொங்கவிட்டாலே உப்பு ஈரம் படிந்து மெக்னீசியம் வெள்ளை மாவாகத் தேயத் தொடங்கும். கலத்தை உலர்வாக மூடி, கிழித்தால் திறக்கும் ரப்பர் பட்டை ஒன்று வைத்திருக்கிறேன். மயங்கியவர் எப்படிக் கிழிப்பார் என்று கேட்டால், கருவியை உடலோடு இணைக்கும் கயிறு அந்தப் பட்டையில்தான் கட்டியிருக்கிறது. கருவி இடுப்பிலிருந்து கழன்று மேலே மிதக்கப் போகும்போது கயிறு இழுபட்டுப் பட்டை கிழியும்.

கருவி இடுப்பிலேயே இருந்தால் ஆன்டெனா நீருக்கடியில் கிடக்கும், பயனில்லை. ஆகவே அது கழன்று மிதந்தாக வேண்டும், நிமிர்ந்து மிதந்தாக வேண்டும். மெக்னீசியமும் காந்தச் சக்கரமும் அடியில், காற்று மேலே. ஆன்டெனா கால் அலைநீளம் என்றால் 8.7 சென்டிமீட்டரில் முடித்துவிடலாம். ஆனால் அது தன் காலடியில் நல்ல உலோகத் தளத்தை எதிர்பார்க்கும். இரட்டைமுனை ஆன்டெனா அதைப்போல இரண்டு மடங்கு நீளம், எந்தத் தளத்தையும் எதிர்பார்க்காது. அதையே நைலான் குழாய்க்குள் விட்டிருக்கிறேன்.

மாட்டும் இடத்தைப் பற்றி எனக்கு வந்த திருத்தம் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் கிராமத்திலிருந்து வந்தது. பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவிடம் கழுத்தில் தொங்கும் மாதிரியைக் காட்டினேன். பழைய சட்டை, கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் கட்டிய தகடு என்று அவர்களுடைய தளவாடம் ஏற்கெனவே ஒரு கணக்கோடு இருக்கிறது. "தம்பி, கழுத்தில் தொங்குவதோடு முழுகினால் பாறையில் மாட்டும். பாசிப்பை இடுப்பில் வலப்பக்கம் வரும். இதை முதுகுப்பக்கம், கொஞ்சம் இடமாகத் தை" என்றார். கையில் வாங்கி அமுக்கியும் பார்த்தார். "துணி சுற்றிய விரலுக்கு இந்தப் பிடி வழுக்கும்" என்றார். பிடியில் சைக்கிள் டியூப் துண்டு ஏறியது அதற்குப் பிறகுதான். வில்லின் விறைப்பையும் குறைத்தேன். அமுக்கலுக்குக் கிடைப்பது 0.3 ஜூலாக இறங்குகிறது, ஆனால் நீரில் வெகுநேரம் ஊறிய கையால் நீண்ட நேரம் அமுக்க முடிகிறது. அவர் கருவிக்கு மென்வில், தெப்பக்காரர்களுக்கு வன்வில் என்று இரண்டு வகையாக வைத்துக்கொண்டேன்.

மதுரைக்காரருக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். மலையில் இரு கையும் பெரும்பாலும் ஓய்வாக இருக்கும், சுற்றும் டைனமோவே அவருக்குப் போதும்; மெக்னீசியம் தேவையே இல்லை. அங்கே தொல்லை வேறு: காட்டுக் கூரைக்கடியில் ஜிபிஎஸ் தடுமாறும், பள்ளத்தாக்கிலிருந்து போகும் சைகையைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். குழுவில் ஒருவர் மேட்டில் வாங்கியோடு இருந்தால் மட்டும் பயன்படும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். பழைய செயற்கைக்கோள் கருவியை முறையான இடத்தில் பேட்டரி மாற்றி வைத்துக்கொள்ளவும் சொன்னேன்.

கரை வாங்கியின் வேலை எளிது. அதே லோரா சில்லு, ஒரு பழைய கைபேசி, ஒரு சங்கு. செய்தி வந்ததும் சங்கு ஊதும், திரையில் அடையாள எண்ணும் இருப்பிடமும் வரும். கீழே பெரிய எழுத்தில் இரண்டு எண்கள் ஒட்டியிருக்கின்றன: கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. ஊர்ப் படகுகள் கிளம்புவதற்கு முன் இந்த இரண்டையும் அழைத்துவிட வேண்டும் என்பது ஐஸ் கம்பெனிக் காவலரோடு பேசி வைத்த ஏற்பாடு. அவர் இரவில் விழித்திருப்பவர் என்பதாலேயே வாங்கி அந்த மாடிக்குப் போனது.

பொருள் செலவு ஒரு கருவிக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்குகிறது, கூலி சேர்க்காமல். அதில் லோரா சில்லும் ஜிபிஎஸ்ஸும்தான் பெரும்பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது கையுதவிக்கு ஆட்கள் கிடைப்பார்கள். அடுத்த தொகுதியை அந்த மாதங்களில் செய்யலாம் என்றிருக்கிறேன். அதற்குள் காந்தச் சக்கரத்தின் எபாக்சிப் பூச்சு ஒரு முழு வாடைக்காலத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒன்றைப் பாம்பன் படகுத்துறைக் கம்பத்தில், அலை தெறிக்கும் உயரத்தில் கட்டிவிட்டிருக்கிறேன்.